நூறு துண்டு பர்பியும் நான் சொல்லாத பதிலும்

அக்கா,

போன சனிக்கிழமை காலை லிட்டில் இந்தியாவில் ஓர் இனிப்புக் கடை வாசலில் நின்றுவிட்டேன். நான் வாங்க வந்தது புளியும் முருங்கைக்காயும்தான். கடைக்குள்ளே ஒருவர் தேங்காய் பர்பித் தட்டை வெட்டிக்கொண்டிருந்தார். சூடு முழுதாக ஆறவில்லை போலிருக்கிறது, ஏலக்காய் வாசனை நடைபாதை வரைக்கும் வந்தது. கத்தியை நீளவாக்கில் இழுத்தார், பட்டை பட்டையாகப் பிரிந்தது. தட்டைத் திருப்பிக் குறுக்கே இழுத்தார். என்னை அறியாமல் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நீளத்தில் எட்டு, குறுக்கே பன்னிரண்டு. பத்துக்குப் பத்து இல்லையே என்று மனம் குறைப்பட்டது.

"என்ன அங்கிள், பாத்தே வயித்த நெரப்பிடுவீங்க போலருக்கே. எவ்வளவு போட?" என்றார் அவர்.

அரை கிலோ வாங்கினேன். எனக்குச் சர்க்கரை நோய் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் அதைச் சாப்பிட வேறு ஆளும் இல்லை. பையைப் பிடித்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குள் இறங்கியபோதுதான், என் வீடு இருக்கும் செங்காங் பக்கம் நான் திரும்பவில்லை என்பதைக் கவனித்தேன். உங்கள் வீடு இருக்கும் புக்கிட் பாஞ்சாங் பக்கம் போகும் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நான் சொல்லாமலே விட்டுவிட்டேன். ரயில் வந்தது, ஏறிவிட்டேன்.

அக்கா, நம் இருவர் மேசையும் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த அந்த ஆறு வருடங்களை நினைத்துக்கொண்டே போனேன். இருவருக்கும் நாலாம் வகுப்பு, இருவருக்கும் கணக்கு. என் மேசையில் திருத்திய தாள்கள் விளிம்பு பிசகாமல் அடுக்கியிருக்கும். உங்கள் மேசையில் ஐஸ்கிரீம் குச்சி, ரப்பர் பேண்டு, பாதி வெட்டிய கட்டம் போட்ட தாள், என்றோ குடித்து மறந்த தே ஓ தேநீர்க் குவளை. நான் பாடத்திட்டத்தின் வார அட்டவணையைச் சுவரில் ஒட்டி, முடித்ததையெல்லாம் சிவப்பில் கோடு போட்டு அடிப்பேன். நீங்கள் தசமத்தின் முதல் வாரப் பாடத்திலேயே நிற்பீர்கள். ஒருமுறை கேலியாக, "அக்கா, உங்க வண்டி இன்னும் கெளம்பலையா?" என்று கேட்டேன்.

"எங்க வண்டி எல்ஆர்டி ரயிலு தம்பி. சுத்திச் சுத்திதான் வரும். ஆனா எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும்லா. உங்க வண்டியில ஏறாம நின்னுட்ட பிள்ளைங்களையும் நாங்க ஏத்திக்குவோம்" என்றீர்கள். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தசமப் புள்ளியை விளக்க என்னிடம் ஓர் உதாரணம் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நம் அடுக்குமாடி வீட்டு எண்களைத்தான் எடுத்துக்கொள்வேன். 05-15 என்றால், கோட்டுக்கு முன்னால் இருப்பது மாடி, பின்னால் இருப்பது வீடு. அதுபோலப் புள்ளிக்கு முன்னால் முழு எண், பின்னால் மிச்சம். எல்லாப் பிள்ளைக்கும் தன் வீட்டு எண் தெரியும். ஒரே நிமிடத்தில் தலையாட்டிவிடுவார்கள். பக்கத்து அறைகளில்கூட அதைக் கடன் வாங்கிச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன்.

நீங்கள் அதைக் கேட்டுவிட்டு, கேன்டீனில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னீர்கள்: "தம்பி, வீட்டு நம்பர்ல பதினஞ்சு பதினஞ்சுதான். ஆனா புள்ளிக்குப் பின்னாடி பதினஞ்சு பதினஞ்சு இல்ல. பிள்ளைங்க ரெண்டையும் ஒண்ணா நெனச்சுக்குவாங்க."

நீங்கள் சொன்னது சரி. 0.15, 0.8 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், பத்து வயதுப் பிள்ளை 0.15 என்றுதான் சொல்லும். பதினைந்தாவது வீடு எட்டாவது வீட்டுக்கு அப்பால்தானே இருக்கிறது? என் பிள்ளைகள் அப்படித் தவறு செய்யாமலிருக்க அவர்களுக்கு ஒரு குறுக்குவழி கொடுத்திருந்தேன். எண்களின் நீளம் சமமாகும்வரை பின்னால் பூஜ்ஜியம் போடு, பிறகு ஒப்பிடு. 0.80, 0.15. விடை சரியாக வந்துவிடும். அது ஏன் சரி என்று அவர்களுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. நீங்கள் கேன்டீனில் சொன்னது இரண்டு நாள் எனக்குள் உறுத்தியது. பிள்ளைகளுக்காக இல்லை. என் உதாரணத்தை ஒருவர் குறை சொல்லிவிட்டாரே என்றுதான்.

அதற்கு அடுத்த வாரம்தான் நீங்கள் பர்பித் தட்டோடு வந்தீர்கள். முப்பது சென்டிமீட்டருக்கு முப்பது, சதுரமான எவர்சில்வர் தட்டு. வெட்டாத ஒரே பாளமாகப் பர்பி. அந்த நேரம் எனக்கு வகுப்பில்லை. உங்கள் அறையின் பின் வாசலில் நின்று பார்த்தேன். நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியாது.

முழுத் தட்டு ஒன்று என்றீர்கள். பிள்ளைகளையே அளவுகோல் வைத்துக் கோடு போடவைத்து, பிளாஸ்டிக் கத்தியால் பத்துப் பட்டையாக வெட்டவைத்தீர்கள். ஒரு பட்டை, பத்தில் ஒன்று. பிறகு ஒவ்வொரு பட்டையும் பத்துத் துண்டு. ஒரு துண்டு, நூறில் ஒன்று. கோடு கோணிப்போனால் பக்கத்துப் பிள்ளை சண்டைக்கு வந்தது. "டீச்சர், அவன் துண்டு பெருசு. பத்தும் ஒரே மாதிரி இருக்கணும்லா!" நீங்கள் சொல்ல நினைத்த பாடத்தில் பாதியை அவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலாய்ச் சிறுமி ஒருத்தி இது தன் அம்மா செய்யும் குவே பலகாரம் மாதிரியே இருக்கிறது என்றாள். பாலும் தேங்காயும் சீனியும்தான், எல்லாரும் சாப்பிடலாம் என்று அவளுக்கு உறுதி சொன்னீர்கள்.

0.15தான் பெரியது என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த ஒருவன் இருந்தான், நல்ல பருமன். அவனை அழைத்து, ஒரு பக்கம் ஒரு பட்டையும் ஐந்து துண்டும், மறுபக்கம் எட்டுப் பட்டையும் வைத்தீர்கள். இதுதான் 0.15, இதுதான் 0.8, உனக்கு எது வேண்டும் என்று கேட்டீர்கள். அவன் இரண்டையும் பார்த்தான். உங்களைப் பார்த்தான். எட்டுப் பட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அப்ப இவ்வளவு நாள் எனக்கு யாருமே சொல்லலையே" என்று ஆங்கிலத்தில் புலம்பினான். வகுப்பே சிரித்தது. ஒரு துண்டை மேலும் பத்தாக வெட்ட முயன்றபோது அது உதிர்ந்துபோனது. உதிரியை விரலில் ஒற்றி எடுத்த ஒரு பெண், ஆயிரத்தில் ஒன்று சாப்பிட்டதாகவே தெரியவில்லை என்றாள். மூன்றாம் தசம இடத்தை அதைவிட நன்றாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

வாசலில் நின்ற எனக்கு அது அப்போதே புரிந்தது, அக்கா. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

மறுநாள் உங்கள் வகுப்பில் எறும்பு. நான்தான் ஆசிரியர் அறையில் உரக்கச் சொன்னேன்: "அக்கா கிளாஸ்ல எறும்பும் டெசிமல் படிக்க வந்துருச்சு." நீங்களும் சிரித்தீர்கள். மண்ணெண்ணெய்த் துணியோடு போய் நீங்களே தரையைத் துடைத்தீர்கள்.

அரையாண்டுத் தேர்வில் என் வகுப்பு முந்தியது. உங்கள் வகுப்பு அட்டவணைக்குப் பின்தங்கியிருந்தது. தாளில் வந்த கடைசி இரண்டு பாடங்களை நீங்கள் இன்னும் தொடவே இல்லை. கணிதத் துறைத் தலைவர் ஒரு மதியம் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். அடுத்த ஆண்டு நாலாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்களுக்கு நான் பொறுப்பாளராவேன் என்று பேச்சு இருந்த நேரம். உங்களைப் பற்றிக் கேட்டார், நாலாம் வகுப்பை உங்களால் சமாளிக்க முடிகிறதா என்று. நான் உங்கள் பக்கத்து மேசைக்காரன், உண்மை தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் கேட்டார்.

நான் உங்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. நல்ல வார்த்தையாகப் பார்த்துச் சொன்னேன். அவர் மிகவும் பொறுமைசாலி, சின்னப் பிள்ளைகளிடம் பிரமாதமாக இருப்பார், ஒன்றாம் வகுப்பு இரண்டாம் வகுப்புக்கு அவரைப் போல ஆள் கிடைக்காது, நாலாம் வகுப்பின் வேகம்தான் அவருக்குச் சற்றுச் சிரமம் என்றேன். துறைத் தலைவர் குறித்துக்கொண்டார். கதவை மூடிக்கொண்டு வெளியே வந்தபோது நான் உங்களைப் புகழ்ந்துவிட்டு வந்ததாகவே நினைத்துக்கொள்ள முயன்றேன்.

ஆண்டு முடிவில் வகுப்பு ஒதுக்கீடு வந்தது. தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தீர்கள். "ஒண்ணாம் வகுப்பா" என்றீர்கள். தாளை மடித்து வைத்துவிட்டு, "சரி, பத்து வரைக்கும் எண்ணுறதுலேருந்து திரும்ப ஆரம்பிப்போம்" என்றீர்கள். சின்ன வகுப்பு ஆசிரியர்களுக்கு அறை கீழ்த்தளத்தில். உங்கள் பெட்டிகளை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன், நான்கு நடை. கடைசி நடையில் என் கையைப் பிடித்து நன்றி சொன்னீர்கள். உங்கள் கை சில்லென்று இருந்தது.

அடுத்த ஆண்டு எனக்கு ஐந்தாம் வகுப்பும் ஒன்று கொடுத்தார்கள். உங்கள் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் அதில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் வாரம் பலகையில் 0.3ஐப் பத்தால் பெருக்கச் சொன்னேன். என் பழைய மாணவர்கள் நம்பிக்கையோடு 0.30 என்று எழுதினார்கள். பத்தால் பெருக்கினால் ஒரு பூஜ்ஜியம் சேர் என்று கற்றுக்கொடுத்தவன் நான்தானே. பர்பியை ஆயிரத்தில் ஒன்றாக ருசித்த அதே பெண், கையைத் தூக்கினாள். மூன்று பட்டை, அது பத்து முறை, முப்பது பட்டை, அப்படியென்றால் மூன்று தட்டு சார் என்றாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்தாள்.

அன்று பள்ளி விட்டதும் நான் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்திருக்க வேண்டும். இரண்டு மாடிதான். "அக்கா, உங்க பிள்ளைங்களுக்குத்தான் புரிஞ்சிருக்கு" என்று ஒரு வாக்கியம். துறைத் தலைவரிடம் போய் இன்னொரு வாக்கியம். நான் போகவில்லை. அதற்குப் பதில் உங்கள் தட்டைத் தாளில் வரைந்தேன்.

பத்துக்குப் பத்துக் கட்டம், பட்டைக்கு ஒரு நிறம், துண்டுக்கு ஒரு நிறம், அழகாக அச்சிட்டு, முன்கூட்டியே வெட்டி, உறையில் போட்டேன். பல பள்ளி ஆசிரியர்கள் கூடிய ஒரு பகிர்வுக் கூட்டத்தில் அதை என் பாடமாகப் பேசினேன். கைதட்டினார்கள். உறைகளைக் கேட்டு வாங்கிப் போனார்கள். நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள், மடியில் கைப்பை. உங்கள் பெயரைச் சொல்ல எனக்கு இருபது நிமிடம் இருந்தது.

முடிந்ததும் என்னிடம் வந்தீர்கள்.

"நல்லா இருந்துச்சு தம்பி. பேப்பர்னா எறும்பு வராது."

நான் ஏதோ உளறினேன். நீங்கள் அதைக் கேட்கவில்லை. "ஆனா அவங்களே வெட்டணும். நீங்க வெட்டிக் குடுத்துட்டீங்கன்னா, பத்தும் ஏன் ஒரே அளவா இருக்குன்னு அவங்க சண்டை போட மாட்டாங்க" என்றீர்கள். கோபமே இல்லை. பாடம் சரியாக நடக்க வேண்டுமே என்ற கவலை மட்டும்தான் இருந்தது. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அதன்பின் நீங்கள் ஓய்வு பெற்றீர்கள், சில ஆண்டுகளில் நானும். தீபாவளிக்குத் தொலைபேசியில் பேசிக்கொள்வோம். உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு மருத்துவமனைக்கு வந்தேன். பகல் வெயில் திரைச்சீலை வழியாக உங்கள் போர்வைமேல் விழுந்திருந்தது. மெலிந்துபோயிருந்தீர்கள். பழைய கதை பேசினோம். எல்ஆர்டி கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தீர்கள். பிறகு உங்கள் மகளை வெந்நீர் வாங்கிவர அனுப்பினீர்கள். அவள் கதவைத் தாண்டும்வரை காத்திருந்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டீர்கள்.

"தம்பி, என்னை ஏன் நாலாம் வகுப்புலேருந்து எடுத்தாங்கன்னு எனக்கு இன்னும் தெரியல. என் வேலையில ஏதும் குறை இருந்துச்சா? இருந்தா சொல்லுங்க. இப்ப சொன்னா என்ன."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. டைம்டேபிள் பிரச்சினை. ஆள் பத்தல" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு தலையை மெல்ல ஆட்டினீர்கள். மகள் வந்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து நீங்கள் இல்லை.

சனிக்கிழமை உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோது உங்கள் மகள்தான் திறந்தாள். முன்பே சொல்லாமல் வந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, பர்பிப் பையைக் கொடுத்தேன். உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தாள். உங்கள் படத்துக்கு எதிரே உட்கார வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். துறைத் தலைவர் அறையில் சொன்னது, பகிர்வுக் கூட்டம், மருத்துவமனையில் சொன்ன பொய். உங்களிடம் இங்கே எழுதிய வரிசையிலேயே சொன்னேன். 

முடித்ததும் கேட்டாள், "அம்மா ஒவ்வொரு வருஷமும் நாலாம் வகுப்பு வேணும்னு ஃபார்ம்ல எழுதிக் குடுத்தாங்க. ரிட்டயர் ஆகுற வரைக்கும். உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?"

தெரியாது என்றேன். அது உண்மை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்பதும் உண்மை. நான் நாலாம் வகுப்புக்குப் பொறுப்பாளனாக இருந்த ஆண்டுகளும் அவற்றில் அடக்கம்.

"தனக்குத்தான் சொல்லிக்குடுக்கத் தெரியலையோன்னு அம்மா நெனச்சாங்க. வெளிய சொல்ல மாட்டாங்க. அப்பப்ப என்கிட்ட மட்டும் கேட்பாங்க, 'நான் ரொம்ப ஸ்லோவா இருந்துட்டேனோ'ன்னு." அவள் குரல் உயரவில்லை. "என்கிட்ட சொல்லி இனி என்ன ஆகப்போகுது அங்கிள்? அவங்க கேட்டப்ப சொல்லிருக்கணும்."

மன்னித்துவிடு என்று கேட்கலாம் என்றுதான் போனேன். அதைக் கேட்க வேண்டிய இடம் அது இல்லை என்பது அவள் சொன்னதும் புரிந்தது. எழுந்தேன். அவள் லிஃப்ட்வரை வந்து பொத்தானை அழுத்திவிட்டு, லிஃப்ட் வருமுன்பே திரும்பிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மகளை வெளியே அனுப்பிவிட்டு நீங்கள் என்னைக் கேட்டதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம், அவள் மனம் வருந்தக்கூடாது என்றுதான் அனுப்பினீர்கள் என்று எண்ணியிருந்தேன். அவளிடமே அதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தபின் வேறு மாதிரித் தோன்றுகிறது. குறை இருந்தால் அதைப் பாடம் நடத்தத் தெரிந்த ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். உங்கள் வகுப்பின் பின் வாசலில் நின்று பார்த்தவன் பொய் சொல்ல மாட்டான் என்று என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அங்கே நான் நின்றதை நீங்கள் அன்றே பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பதில் என்னிடமே தங்கிவிட்டது, அக்கா. காலையில் பல் துலக்கும்போதும், பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதும், உங்கள் மகள் வெந்நீரோடு திரும்பிவருமுன் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பது போல அவசர அவசரமாக அதை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். நீளமானது ஒன்றும் இல்லை.

"இல்லக்கா. உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. நான் பாத்தேன், எனக்குத் தெரியும். உங்களை எடுக்கச் சொன்னது நான்தான்."